கொதித்து ஆறிய ஓடைத் தண்ணீர்

இரண்டாவது வாரமும் தகரக் குவளையில் பூச்சிகள் எல்லாம் செத்துக் கிடந்தன. டாக்டர் ஐயா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "கிராணியம்மா, எனக்கு உயிரோட வேணும். அடுத்த வாரமும் இப்படின்னா வேற ஆளைத்தான் பார்க்கணும்."

ஜொகூரில், தெப்ராவ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து ஓடையில், கொசுப் புழுவைக் கொல்ல எண்ணெய் ஊற்றுவார்கள். அது மற்ற நீர்ப்பூச்சிகளை என்ன செய்கிறது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். கல்லைப் புரட்டினால் மூன்று வாலோடு ஒட்டியிருக்கும் பூச்சியை அவர் மேஃப்ளை என்பார். எண்ணெய் படாத மேல் ஓடையில் அதைப் பிடித்து, உயிரோடு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது என் வேலை. என் கணவர் தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதுகிறவர். நான் ஜொகூர் பாருவில் படித்தவள் என்பதால் என்னை இந்த வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போவேன். அன்று வீடு திரும்பியதும் அவர் கேட்டார்: "பூச்சியையே காப்பாத்தத் தெரியல. புள்ளைய எப்படிம்மா காப்பாத்துவ?"

இந்தக் கேள்வியை நான் முன்பே என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். சுத்தம் போதவில்லை என்று முடிவு செய்தேன்.

மூன்றாவது வாரமும் எல்லாம் செத்திருந்தன. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "ராசியான கை லா, உங்களுக்கு. கொசுவையும் நீங்களே பிடிங்க, எண்ணெய்ச் செலவு மிச்சம்."

டாக்டர் சிரிக்கவில்லை. "எப்படித்தான் கொண்டு வர்றீங்க?"

"குவளையை வெந்நீர்ல கழுவுவேங்க. ஓடைத் தண்ணியை மல் துணியில வடிகட்டி, கொதிக்க வச்சு, ஆற வச்சு, அதுல விடுவேன். தூசி விழாம இறுக்கி மூடிடுவேன். இந்த வாரம் ரெண்டு தடவை கொதிக்க வச்சேன்."

"எதுக்கு?"

"சின்ன உயிருங்களே."

டிரஸ்ஸர் அண்ணன் வெளியே போய்ச் சிரித்தார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "தண்ணியில கலந்திருக்கிற காத்தைத்தான் அது சுவாசிக்குது. கொதிக்க வச்சா காத்து போயிடும். மிச்சத்தை அந்த இறுக்கின மூடி பார்த்துக்குது. இன்னும் ஒரு வாரம் பாருங்க."

அடுத்த வாரம் ஓடைத் தண்ணீரை அப்படியே மொண்டு, மூடாமல், பாவாடையெல்லாம் நனைய எடுத்துப் போனேன். குவளைக்குள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. டாக்டர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். வேலை எனக்குத்தான் என்றார்.

எனக்கு வேறு பயம் வந்துவிட்டது. "ஐயா, பாப்பாவுக்கும் கொதிக்க வச்ச தண்ணிதான் குடுக்கிறேன்."

அவர் நிமிர்ந்தார். "பாப்பா மூக்கால மூச்சு விடுதும்மா."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: எந்தத் தண்ணீரில் பிடித்தீர்களோ, அதிலேயே கொண்டுவாருங்கள். மூடாதீர்கள். எதையாவது கொதிக்க வைத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், டீ போடுங்கள்.