போல்ட் அண்ணனின் இடது முட்டி

கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டுகிற அவரை எல்லாரும் போல்ட் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். சுவரில் துளை போட்டு, தூசியை ஊதி, பசை நிரப்பிப் போல்ட்டைச் செருகியதும், பக்கத்திலேயே பென்சிலால் தேதியும் மணியும் எழுதிவிடுவார். ஒரு நாள் முழுக்க யாரும் அதைத் தொடக் கூடாது. "அவசரப்பட்டா பலகை உன் மண்டையிலதான் இறங்கும்" என்பார். மறுநாள் வந்து, முழு பலத்தோடு ஒரு இழு இழுத்துப் பார்த்த பிறகே பலகை ஏறும்.

ஒரு நாள் ஏணி சறுக்கி, இடது முட்டிக்குள் தசைநார் அறுந்தது. டாக்டர் தொடையிலிருந்து வேறொரு நாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு, உள்ளே செலுத்தித் திருகாணியால் இறுக்கினார். "அட, நம்ம வேலைதாங்க இது!" என்று போல்ட் அண்ணனுக்கு ஒரே சிரிப்பு.

எட்டாவது வாரம் வலி போய்விட்டது. மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, ஏணியின் மூன்றாம் படியிலிருந்து இடது காலில் குதித்தார். இழுத்துப் பார்க்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை அவருக்கு. உள்ளே ஏதோ நழுவியது.

"வலி போச்சுன்னா ஒட்டிருச்சுன்னு அர்த்தமா?" என்றார் டாக்டர். "நாரு எலும்போட சேர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் திருகாணி சும்மா பிடிச்சிட்டு நிக்குது, அவ்வளவுதான். இன்னொரு தடவை பண்ணலாம். அதுவும் விட்டுச்சுன்னா ஏணியை மறந்துடுங்க."

ஏணியை விட்டால் அவருக்கு வேறு பிழைப்புத் தெரியாது.

இரண்டாம் முறை, எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் கொஞ்சம் எடுத்து நாரின் முனையில் சுற்றி வைத்தார்கள். ஒட்டுவதற்கு அது உதவலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். "மத்தது உங்க கையில. சிகரெட்டை நிறுத்துங்க. காலைச் சும்மா விடுங்க."

வீட்டுக்கு வந்ததும் மனைவி அவர் காதிலிருந்த பென்சிலை உருவி, முட்டிப்பட்டையின் மேல் தேதியை எழுதினாள்.

"மணியும் போடட்டுமா?"

"போடு தாயே."

"ஒம்பது மாசம். நடுவுல ஏறினீங்க, ஏணியை வெட்டி அடுப்புல வெச்சிருவேன்."

"அது அலுமினியம்டி."

"அப்ப பழைய இரும்புக்காரனுக்கு."

சிகரெட் இல்லாத வாய்க்கு வேலையாக, பென்சிலைக் கடித்தே தீர்த்தார்.

ஒன்பதாம் மாதம், டாக்டர் ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கெண்டைக்காலை முன்னால் இழுத்தார்.

"ஆடல."

"நல்லா இழுங்க டாக்டர், தயங்காதீங்க."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் ஏணி ஏறினார். போன மாதம் அவரைக் கைவிட்டது நெஞ்சுதான். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அவள் சொன்னாள்: "முட்டி கடைசி வரைக்கும் கெட்டியாத்தான் இருந்துச்சு."