கைக்குக் கை கொடுக்காத கத்தி

முதன்முதலாக வேட்டைக்குப் போகிறவர் கடைக்குள் வந்ததும் கேட்பது கத்தியைத்தான். மழைக்கோட்டும் காலுக்குச் சப்பாத்தும் உடம்பு நனைந்த பிறகுதான் நினைவுக்கு வரும். வாடிக்கையாளர் முன்னால் பேச்சு வராமல் நின்றவர்களுக்கு என் பாடு விளங்கும். படிப்பு முடிந்ததும் லண்டனில் வேட்டைச் சாமான் விற்கும் கடையொன்றில் தகுதிகாண் காலத்தில் சேர்ந்தேன். வாடிக்கையாளரோடு கதைக்கப் பழகினால்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி கிரஹாம் சொல்லிவிட்டார்.

முழங்கை நீளம்

டை கட்டிய இளைஞன் ஒருவன் முழங்கை நீளக் கத்தியை எடுத்துத் தரச் சொன்னான். எங்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் சண்டை வரும். அந்தப் பழக்கத்தில் அதை மேசையில் வைத்து ஓர் எட்டுப் பின்னால் விலகினேன். தூக்கியதுமே அவன் மணிக்கட்டு சரிந்தது. மானைச் சுட்டு விழுத்துவது துவக்கு; கத்தி அதன் வயிற்றைக் கிழித்துச் சுத்தம் செய்யத்தான். செம்மஞ்சள் பிடி போட்ட சின்னக் கத்தி ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன். அது அவன் கைக்குள் அடங்கியது. ஏன் இந்த நிறம் என்றான். புல்லுக்குள் விழுந்தால் தெரியும் என்றேன்.

"முதல் நாளே தொலைப்பேன் என்று என் முகத்தில் எழுதியிருக்கிறதா?"

ஒரு நாள் முயற்சி

நான் விலகி நின்றதைக் கிரஹாம் கவனித்துவிட்டார். வாடிக்கையாளருக்குப் பயப்படுவதுபோல் இருக்கிறதாம். இனிக் கையில்தான் கொடுக்க வேண்டுமாம். காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது. மறுநாள் நரைத்த தலைப் பெண்மணி ஒருவரிடம் கத்தியை நீட்டினேன். அவசரத்தில் முனை அவர் பக்கம் இருந்தது; அவர் பின்னால் போனார்.

"பிள்ளை, நீ இதை விற்கப் போகிறாயா, குத்தப் போகிறாயா?"

இல்ஃபோர்ட் அண்ணை

வேலை போய்விட்டது என்றே நினைத்திருந்த நேரம் கிழக்கு லண்டன் இல்ஃபோர்டிலிருந்து ஒரு தமிழர் வந்தார். "பிரான்ஸில வேட்டைக்குப் போனால் கூட்டாளிமார் சுடுவினம், நான் கறி காய்ச்சுவன். இப்ப நானே சுடப் போறன்" என்றார். கிரஹாம் பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தும் அவர் கேட்ட கத்தியை என் கை மேசையில்தான் வைத்தது. நான் கையை எடுக்கும்வரை அவர் காத்திருந்து, பிறகு இடக்கையால் எடுத்தார்.

"அண்ணை, இந்த உறை வலக்கைக்காரருக்கு. இடுப்பில கட்டினால் உங்களுக்கு இழுக்க ஏலாது" என்றேன். அதற்குப் பிறகு எனக்கே வாய் நிற்கவில்லை. அவர் போட்டிருந்த துணிச் சப்பாத்தைப் பார்த்து, சேற்றுக்குள் அது தாங்காது என்றேன். இடக்கை உறை, நீர் புகாத சப்பாத்து, கையுறை எல்லாம் எடுத்தார். கிரஹாம் பக்கத்தில் வந்து, ஏன் இருவரும் கத்தியைக் கையில் மாற்றவில்லை என்று கேட்டார். அண்ணைதான் பதில் சொன்னார்.

"கையில தந்தால் எனக்கும் பிள்ளைக்கும் கொழுவல் வந்து சண்டையாகிடும். சாமான் வாங்க வந்த இடத்தில அது எதுக்கு?"

கிரஹாமின் மேசை

அடுத்த கிழமை, புதிதாக வேட்டை பழகும் ஒருத்தி கத்தி கேட்டாள். கிரஹாமே அதை எடுத்தார், மேசையில் வைத்தார், கையை எடுத்துக்கொண்டார். அவள் எந்தக் கையால் தூக்குகிறாள், எப்படிப் பிடிக்கிறாள் என்று உற்றுப் பார்த்தார். அவள் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"சரி, உன்னை நிரந்தரமாக்குகிறேன். ஆனால் நீ பின்னால் வைக்கும் அந்த ஓர் எட்டைக் கொஞ்சம் குறை."

இப்போது அதை அரை எட்டாக்கியிருக்கிறேன். மிச்ச அரை எட்டைக் குறைக்க இன்னும் நாலைந்து கத்திகளாவது விற்க வேண்டும்.