இடப்பக்கத்து முன்கொம்பு

முத்துக்குமாருவின் உயரம் ஐந்தடி எட்டு. கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வார். போன வருடத் திருவிழாவுக்கு முன்னம், சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கச் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தாதிப் பிள்ளை அவரைச் சுவரோடு நிறுத்தி அளந்துவிட்டு, "ஐஞ்சடி ஆறு, ஐயா" என்றாள்.

"பிள்ளை, உன்ரை அளவு பிழை."

"அளவு சரி ஐயா. வயசு போகப் போக முள்ளந்தண்டு அமந்து, எல்லாரும் கட்டையாகிறதுதான்." சிரித்துக்கொண்டே சொன்னாள்.

சிரிக்க அவளுக்கென்ன! காது மந்தமானதையும் முழங்கால் பிடிப்பதையும் மனுஷன் பொருட்படுத்தவில்லை. இது வேறு. ஊர்ப் பிள்ளையார் கோயிலில் வாகனக் கொம்பைத் தோளில் வைத்துச் சாமி காவுகிறவர்களை உயரம் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். ஒருவர் கட்டையென்றால் வாகனம் அந்தப் பக்கம் சரிந்துவிடும். இடப்பக்கத்து முன்கொம்பு வாலிப வயதிலிருந்தே அவருடைய இடம். மற்ற நாட்களில் அவரும் ஒரு புகையிலைத் தோட்டக்காரர்தான்; திருவிழாவில் அந்தக் கொம்பின் கீழே நிற்கும்போதுதான் ஊருக்கு அவர் ஒரு ஆள்.

இந்த வருடத் திருவிழாவுக்கும் கொடியேறியது. சால்வையை நாலாக மடித்துத் தோளில் வைத்தார். அதற்குமேல் மடித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். மிச்ச உயரத்தைக் குதிக்காலைத் தூக்கிச் சமாளித்தார். தெற்கு வீதி தாண்டுவதற்குள் கெண்டைக்கால் நடுங்கியது. கோயில் தலைவர் தில்லைநாதன் இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் குதிக்காலை இன்னும் உயர்த்தினார். பார்த்துவிட்டாரோ? பிள்ளையாரே, இந்த ஒரு வருடம் மட்டும். போன வருடமும் இதையேதான் கேட்டிருந்தார்.

சாமியை இறக்கிவிட்டு எல்லோரும் கிணற்றடியில் முகம் கழுவினார்கள். அவருக்குப் பின்னால் நின்று காவிய பக்கத்து வளவுக் கஜீவனின் தோள் தோலுரிந்து இரத்தம் கசிந்தது.

"என்னடா உது?"

"சும்மா உரஞ்சினது, மாமா."

முத்துக்குமாரு தன் தோளைத் தடவிப் பார்த்தார். ஒரு தடிப்புக்கூட இல்லை. அவருடைய பங்குப் பாரமும் பின்னால் நின்றவன் தோளில்தான் இறங்கியிருந்தது.

"எப்ப தொடக்கம்?"

கஜீவன் மழுப்பப் பார்த்தான். "போன வருசமும் கொஞ்சம் பாரந்தான். பரவாயில்லை மாமா, நான் தாங்குவன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அந்தக் கடைசிப் பேச்சுத்தான் சுட்டது. வீட்டில் மனைவி இரத்தினம்மா போட்ட சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். கொம்பை விட்டால் தான் யார்? விடாவிட்டால் அந்தப் பெடியனின் தோள் என்னாவது? அவளிடமும் வாய் திறக்கப் பயமாக இருந்தது.

மறுநாள் பூசை முடிந்து எல்லோரும் கொம்படிக்கு வந்தார்கள். அவர் தூணோடு ஒதுங்கி நின்றார்.

"மாமா, வாங்கோவன்!" கஜீவன் கூப்பிட்டான்.

"இல்லையடா." பிறகு தில்லைநாதனுக்கும் கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னார்: "எனக்கு எட்டாது. நான் கட்டையாப் போனன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. கஜீவன் முன்னுக்கு வர, அவனுடைய இடத்தில் வேறொருவன் நின்றான். மேளம் கொட்ட, சாமி எழுந்தது. எந்தப் பக்கமும் சரியாமல், நேராக, ஆடி அசைந்து வீதிக்கு இறங்கியது. அவர் இல்லாமல் அது அவ்வளவு நேராகப் போனதைத்தான் முத்துக்குமாருவால் தாங்க முடியவில்லை.