சுகுணாவின் ஒல்லிப் பெட்டி

தாலி கட்டும் இடத்தில்தான் அது நின்றது. மாப்பிள்ளை கையில் மஞ்சள் கயிறு, குனிந்த மணப்பெண், பின்னால் அட்சதையோடு ஓங்கிய கைகள் எல்லாம் அப்படியே உறைந்துவிட, திரையின் நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சுகுணா மவுஸை விட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சோற்றை வடித்துவிட்டு வந்தாள். வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தி அணைத்தாள். காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை.

மலைமேல் பல ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். வாழவந்தி நாட்டில் அவளை எல்லோருக்கும் தெரியும். பெரக்கரை நாட்டுக்காரி. பன்னிரண்டாவது முடித்ததும் மலையடிவாரத்தில் சேந்தமங்கலத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்து, நான்கு வருஷம் கல்யாண ஆல்பம் ஒட்டினாள். பிறகு வீடியோ வெட்டவும் கற்றுக்கொண்டாள். சென்றாயனைக் கட்டிக்கொண்டு வாழவந்தி நாட்டுக்கு வந்தபோது, ஸ்டுடியோ முதலாளி தன் பழைய கம்ப்யூட்டரைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். ஏதோ ஆபீஸில் கழித்துக் கட்டிய ஒல்லியான பெட்டி அது. சென்றாயன் மிளகும், மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கும் போட்டான். இவள் காதுகுத்து, சீர், கல்யாணம், கோயில் நோன்பி என்று வீடியோ வெட்டினாள். "வீடியோக்கார அம்மணி ஊடு எது?" என்று கேட்டால் பஸ் கண்டக்டரே இடம் காட்டுவார். ஒன்பது வருஷம் அந்தப் பெட்டி முனகாமல் உழைத்தது.

வினை கேமராக்காரன் மணிவண்ணன் வழியாக வந்தது. மலையில் நடக்கும் விசேஷங்களைப் படமெடுத்து இவளிடம் வெட்டக் கொடுப்பவன் அவன்தான். சித்திரையில் புதுக் கேமரா வாங்கினான். "அக்கா, இனிமே எல்லாமே ஃபோர் கே தான். முடி முடியாத் தெரியும்" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிவிட்டு, வைகாசியில் அதே ஊர் ஆத்தாயியின் மகள் கல்யாணத்தை அதில் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தான். முன்பெல்லாம் ஒரு கல்யாணம் மொத்தமும் ஒரு பென் டிரைவில் அடங்கும். இது மட்டும் பெட்டியின் டிஸ்கையே அடைத்துக்கொண்டது. அன்றிலிருந்து ஒரு காட்சியை ஓட்டிப் பார்க்கக்கூட முடியவில்லை.

ஆத்தாயி மூன்று நாளைக்கொரு தரம் வந்து வாசலில் நின்றாள்.

"ஏங்கண்ணு, ஆயிருச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க அக்கா."

"ஆடிப் பதினெட்டுக்கு மாப்புள்ள ஊட்டுக்காரங்க திருப்பூர்ல இருந்து மலைக்கு வாராங்க சாமி. அவுங்க வந்து கேட்டா நான் என்னத்தக் காட்டுறது?"

ஆத்தாயி போனபிறகு சுகுணா போனை எடுத்து, வீடியோ எடிட்டிங்குக்கு என்ன வேண்டும் என்று தேடித் தேடிப் பார்த்தாள். பேசியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் கிராபிக்ஸ் கார்டு என்றார்கள். அந்த வருஷ மிளகில் சென்றாயன் அவளுக்கென்று ஒதுக்கியது பத்தாயிரம் ரூபாய். புதுக் கார்டு அதற்குள் வராது. பழையது வரும்.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நாமக்கல் போனாள். எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கியாக வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் கடை. முதலாளி சசிதரன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே இவளுக்குப் பதில் சொன்னான்.

"எடிட்டிங்னா கார்டு இல்லாம முடியாதுங்க மேடம். செகண்ட் ஹேண்ட்ல அருமையான பீஸ் ஒண்ணு இருக்கு. மாட்டுனீங்கன்னா பறக்கும்."

"நம்ம பொட்டி கொஞ்சம் பழசுங்க. போட்டோ எடுத்தாந்திருக்கறேன்."

அவன் போட்டோவை அரைக் கண்ணால் பார்த்தான். "எல்லாத்துக்கும் சேருங்க" என்றான். ஆறாயிரத்து ஐந்நூறைக் கொடுத்து, செய்தித்தாளில் சுற்றிய கார்டை மடியில் வைத்தபடி ஒவ்வொரு வளைவாக மேலே ஏறினாள்.

அது சேரவில்லை. பெட்டியைப் படுக்கப் போட்டு மூடியைக் கழற்றி, கார்டைச் செருகும் இடத்தில் வைத்துப் பார்த்தாள். பெட்டியின் அகலத்தைவிடக் கார்டு இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டு நின்றது. திருப்பிப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள். ஓரத்திலிருந்த இரும்புப் பட்டையின் திருகைக் கழற்றி எறிந்துவிட்டு, மூடி இல்லாமலே செருகிவிடலாம் என்று துணிந்தாள். அதுவும் உட்கார்ந்தது. அப்போதுதான் கார்டின் தலையில் ஆறு ஓட்டையோடு ஒரு மின்சாரச் செருகி இருப்பதைக் கவனித்தாள். அதில் மாட்டுவதற்குப் பெட்டிக்குள் ஒரு ஒயரும் இல்லை. எல்லா ஒயரையும் இழுத்து எண்ணிப் பார்த்துவிட்டாள். இல்லவே இல்லை.

சென்றாயன் கொல்லையிலிருந்து வந்தவன், தரையில் பரப்பியிருந்ததைப் பார்த்தான்.

"சேரலையா?"

"பெருசா இருக்குது மாமா."

"கதவுக்குத் தாப்பா வாங்கப் போனாக்கூட அளந்துட்டுல்ல போவோம்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். அதனால்தான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த நேரம் பார்த்து மணிவண்ணன் கூப்பிட்டான். திண்ணனூர் நாட்டுக் காதுகுத்தையும் இன்னொரு கல்யாணத்தையும் நாமக்கல்லில் வேறொரு ஆளிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். "தப்பா நெனைக்காதீங்கக்கா. உங்க சிஸ்டம் தாங்கல இல்ல?" சிஸ்டம் தாங்கவில்லை என்றால் கேமராவை மாற்றியது யார் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்காமல் போனை வைத்தாள். வைத்தபிறகு, கேட்டிருக்கலாம் என்று ராத்திரி வரை எரிந்தது.

மறுபடி போகும்போது பெட்டியையே தூக்கிக்கொண்டு போனாள். பழைய போர்வையில் சுற்றி மூட்டையாகக் கட்டி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "பலாப்பழமா?" என்று கேட்டாள். சுகுணா போர்வை முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

சசிதரன் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இது ஸ்லிம் கேபினட்டுங்க. இதுல சேராது."

"எல்லாத்துக்கும் சேரும்னீங்களேங்க?"

"எல்லாத்துக்கும்னா, நார்மல் பொட்டி எல்லாத்துக்கும். ஒண்ணு பண்ணலாம். கேபினட் மாத்திரலாம், பவர் சப்ளை மாத்திரலாம். ஆனா இந்த போர்டு அதுல உக்காராது, அதையும் மாத்தணும். பேசாமப் புதுசாவே ஒண்ணு எடுத்துருங்களேன்."

"அப்ப கார்ட எடுத்துக்கிட்டு காசு குடுங்க."

"வித்த பொருளுக்குக் காசு திருப்புறதில்லீங்க. பில்லுல பாருங்க."

"பில்லே நீங்க குடுக்கலீங்களே!"

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "போட்டோ காட்டினனா இல்லீங்களா? பாத்துத்தான சொன்னீங்க? ஏனுங்க, நாங்க மலையில இருந்து வாரோம்னா எதையும் கட்டிவுட்டுரலாமா?"

கடையின் பின்பக்க மேசையில் ஒரு லேப்டாப்பைப் பிரித்து வைத்திருந்த பெண் தலையை நிமிர்த்தினாள். கடையில் ரிப்பேர் வேலை பார்க்கும் அனுராதா. எழுந்து வந்து சுகுணாவின் பெட்டியைத் தன் மேசைக்கு எடுத்துப் போனாள்.

"அக்கா, வீடியோ நிக்கறப்ப முன்னால சின்ன லைட்டு ஒண்ணு வுடாம எரியுதா?"

"ஆமாங்க. அணையறதே இல்ல."

"ஆன் பண்ணுனா எவ்வளவு நேரம் ஆகுது?"

"அஞ்சு நிமிசம். சில நாள் பத்து."

அனுராதா மூடியைத் திறந்தாள். "அண்ணா, பழைய ஹார்ட் டிஸ்க்தான் ஓடுது. ரேமும் பாதிதான் இருக்கு. இவங்களுக்கு வேகமா ஓடுற எஸ்.எஸ்.டி. டிஸ்கும் ரேமும் போட்டாப் போதும். கார்டே வேண்டாம்."

சசிதரன் அவளை முறைத்த முறையில், அன்று மாலை அவளுக்கு ஏதோ பேச்சு விழுந்திருக்கும். ஆனால் வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கார்டை ஆயிரத்து ஐந்நூறு குறைத்து எடுத்துக்கொண்டான். அதோடு அவள் கையில் இருந்ததையும் சேர்த்து எஸ்.எஸ்.டி. ஒன்றும் இரண்டு பழைய ரேம் பட்டைகளும் கொடுத்தான். அந்த ஆயிரத்து ஐந்நூறு எதற்குப் போனது என்று சுகுணாவுக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

அனுராதா பழைய டிஸ்கையும் உள்ளேயே விட்டு எல்லாவற்றையும் மாட்டி, எடிட்டிங் சாஃப்ட்வேரை ஏற்றி, ஆன் செய்து காட்டினாள். மூச்சு விடுவதற்குள் திரை வந்துவிட்டது. சுகுணாவுக்குச் சிரிப்பு வந்தது. அனுராதாவின் நம்பரை வாங்கிக்கொண்டு, பெட்டியை மறுபடி போர்வையில் கட்டினாள்.

வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் திரை இருட்டாகவே இருந்தது. பெட்டி மட்டும் பீப் பீப் என்று கத்தியது. அணைத்துப் போட்டாள். கத்தியது. மறுபடி போட்டாள். கத்தியது. சுகுணா தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். வீசி எறிந்தால் எவ்வளவு தூரம் போகும் என்றுகூட நினைத்துப் பார்த்தாள். பிறகு அனுராதாவைக் கூப்பிட்டாள்.

"பஸ்ஸுல ஆடி வந்திருக்கும்க்கா. கரண்டை நிறுத்திட்டு ரேமைக் கழட்டி, மஞ்சளா இருக்கிற பல்லுல ரப்பரை வெச்சுத் தேச்சு, டக்குன்னு சத்தம் வர்ற மாதிரி அழுத்துங்க."

தேய்த்து அழுத்தினாள். வந்தது. ஆத்தாயி மகள் கல்யாணத்தைத் திறந்தாள். தாலி கட்டும் இடத்துக்குப் போனாள். மாப்பிள்ளையின் கை நகர்ந்தது, நின்றது, துள்ளியது, நின்றது. முன்பு போல உறையவில்லை, அவ்வளவுதான். நொண்டிக்கொண்டு ஓடியது. இதற்குத்தானா இரண்டு தரம் எழுபது வளைவு இறங்கி ஏறினோம்? அவள் அழுதாள். துக்கத்தில் அல்ல, சுத்தக் கோபத்தில். மறுபடியும் அனுராதாவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

"இப்பவும் நொண்டுதா? சரிக்கா, பிராசசர் பழசு. ஃபோர் கேயை நேரா ஓட்ட அதுக்கு வலுவில்ல. எல்லா வீடியோவுக்கும் சின்னச் சைஸ்ல ஒரு நகல் எடுத்துக்குங்க. சாஃப்ட்வேர்லயே இருக்கு. நகலை வெச்சு வெட்டுங்க. கடைசியில அதுவே ஒரிஜினலைப் போட்டுக்கும்."

"இத மொதல்லயே..."

"மொதல்ல நீங்க என்கிட்ட வரலையேக்கா."

சுகுணா போனை வைத்துவிட்டுச் சாஃப்ட்வேரைத் திறந்தாள்.

நகல் எடுக்க இரண்டரை நாள் பிடித்தது. ஆடிக் காற்று பேய்போல வீசியது. சில்வர் ஓக் மரக்கிளை ஒயரில் விழுந்து கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது. யு.பி.எஸ். பத்து நிமிஷம் கத்திவிட்டு அடங்கியது. ஒவ்வொரு தரமும் நின்ற இடத்திலிருந்து தொடங்கினாள். ஆனால் நகல் எல்லாம் முடிந்து வெட்ட உட்கார்ந்தபோது, வீடியோ தண்ணீர் போல ஓடியது. தாலி, மாலை, பந்தி, சீர்வரிசை என்று ஒரு மாதத்துக்கு மேலாகக் கையில் சிக்காத கல்யாணத்தை நான்கு நாளில் முடித்தாள்.

மணிவண்ணனை வரச் சொன்னாள். வந்தவனிடம் போனில் இரண்டு காட்சிகளைக் காட்டினாள். ஒரே காட்சி, இரண்டு அளவு.

"இதுல எது ஃபோர் கே, எது சாதா? சொல்லு தம்பி."

அவன் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான், விலக்கினான். "ரெண்டாவதுதான் ஃபோர் கே. துல்லியமாத் தெரியுதே."

"ரெண்டாவதுதான் சாதா."

மணிவண்ணன் காது சிவந்தது. "போன்ல பாத்தா அப்படித்தான் இருக்கும்க்கா."

"நம்ம சனம் எதுல பாக்குது?"

அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான். மலை விசேஷங்களை இனிச் சாதா அளவில் எடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டான். கீழே கொடுத்துவிட்ட இரண்டும் கொடுத்ததுதான். அதை வாங்கித் தர முடியாது என்றான். சுகுணா அதற்கும் தலையாட்டினாள். அந்த இரண்டையும் நினைத்தால் இன்னும் எரியத்தான் செய்தது.

ஆடி பதினாறாம் நாள் ஆத்தாயியைக் கூப்பிட்டு உட்கார வைத்து முழுக் கல்யாணத்தையும் ஓட்டிக் காட்டினாள். ஆத்தாயி தாலி கட்டும் இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மகள் சிரித்த இடத்தில் தானும் சிரித்தாள். முடிந்ததும் சுகுணாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்குது கண்ணு. அப்படியே நேர்ல பாத்தாப்புல இருக்குது. ஒண்ணே ஒண்ணு மட்டும்."

"சொல்லுங்க."

"எங்க நாத்தனா மொகம் நாலஞ்சு எடத்துல வருதே. பந்தியில ஒக்காராம மொறச்சுக்கிட்டுப் போனவ அவ. அவள எடுத்துரு சாமி."

"அக்கா, எடுக்கறது அஞ்சு நிமிசம். முழுசையும் மறுபடி ஒரே வீடியோவாச் சேத்து எடுக்க ஆறு மணி நேரம் ஆகும். வெளியில காத்தப் பாருங்க, நடுவுல கரண்டு போனா மொதல்ல இருந்துதான்."

"நாளைக்குச் சாயங்காலம் குடுத்தாப் போதும் கண்ணு" என்று ஆத்தாயி நிம்மதியாக எழுந்து போனாள்.

சுகுணா பல்லைக் கடித்துக்கொண்டு நாத்தனாரைத் தேடி ஒவ்வொரு இடமாக வெட்டினாள். ஒரு இடத்தில் மட்டும், மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னால் இருந்தவளை எடுத்தால் மணப்பெண்ணும் போய்விடுவாள் என்பதால் விட்டுவிட்டாள். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். சேர்த்து எடுக்கும் பொத்தானை அழுத்தினாள். ஒரு சதவீதம் என்று காட்டியது. "மாமா, மிக்ஸி கிக்ஸி எதையும் போட்டுராதீங்க, வோல்டேஜ் எறங்கிரும்" என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.