காய்ச்சல் மரம்

எனக்குக் கலியாணமான வருஷம் செங்கலடியில் வீட்டுக்கு வீடு மலேரியாக் காய்ச்சல். என் கணவர் பதுளை றோட்டில் லொறி ஓட்டினார். கருவாடு ஏற்றிப் போய் மரக்கறியோடு திரும்புவார். ஒருமுறை நனைந்த சாக்கில் சுற்றி ஒரு கன்றைக் கொண்டுவந்து, வளவின் ஈரமான மூலையில் நட்டார். அவுஸ்திரேலியாவில் பிறந்த மரமாம். நிலத்துத் தண்ணீரை உறிஞ்சி, காய்ச்சல் பரப்பும் நுளம்பை அண்டவிடாது என்று பதுளை மலையில் சொன்னார்களாம்.

'யூக்கலிப்டஸ்' என்ற அதன் பெயர் எங்கள் ஒழுங்கையில் யார் வாயிலும் நுழையவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அவர், "காய்ச்சலுக்கு வச்ச மரம்" என்றார். சொல்லிச் சொல்லித் தேய்ந்து அது 'காய்ச்சல் மரம்' ஆயிற்று. நானும் அப்படித்தான் சொன்னேன்.

சில வருஷங்களில் மரம் கூரைக்கு மேலே போய்விட்டது. அப்போதுதான் பக்கத்து வளவுக்கு உன்னிச்சைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. அந்தப் பெண் மூத்த பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். இளைய மகளுக்கு நாலு வயது. மரத்தின் பெயரைக் கேட்ட நாளிலிருந்து எங்களைப் பார்த்த யன்னலை அவள் திறக்கவேயில்லை. மகளுக்கு உடம்பு சுட்டதும் வேலிக்கு ஓடிவந்தாள்.

"மச்சாள், உங்கட மரத்துக் காத்துத்தான் என்ர புள்ளைக்குப் பட்டிருக்கு. வெட்டிப்போடுங்க கா."

"இது காய்ச்சலத் தார மரமில்ல கா. காய்ச்சலுக்கு வச்ச மரம்."

"அப்ப ஏன் அந்தப் பேர்?"

இரவு கணவரிடம் சொன்னேன்.

"பேருக்காக மரத்த வெட்டுறதா?" என்று கணவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஒரு பிள்ளையைப் புதைத்தவளுக்கு ஒரு சொல் தேய்ந்த கதையைச் சொல்லி என்ன பயன்? அவள் பக்கம் நீண்ட கிளைகளையாவது வெட்டச் சொன்னேன். மறுநாள் வெட்டினார். ஒழுங்கை முழுதும் தைல வாசம். அயலவர்கள் ஆவி பிடிக்கவென்று இலையை அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த கொயினா மருந்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது. தடிமனும் மூக்கடைப்பும் மட்டும் விடவில்லை. ஒரு பின்னேரம் தாய் வேலியருகே வந்து நின்றாள்.

"மச்சாள், அந்தத் தைல இலை கொஞ்சம் தாங்க கா."

அன்றிலிருந்து அவள் வாயில் அது தைல மரம். மற்றவர்களுக்குக் காய்ச்சல் மரமேதான். 'காய்ச்சலுக்கு' என்பதிலிருந்து ஒரு 'உக்கு' உதிர்ந்ததும் மருந்தே நோயாகிவிட்டதை நான் பலநாள் நினைத்துக்கொண்டேன். அந்த மரம் பிறந்த தேசத்தில், முதன்முதலில் பார்த்தவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, அதிலும் என்னென்ன உதிர்ந்ததோ.

இலை கேட்டு அவள் அடிக்கடி வருவாள். ஆனால் மகளை அந்த மரத்தடியில் விளையாட மட்டும் ஒருநாளும் விட்டதில்லை. நானும் கூப்பிடவில்லை.