இரண்டாவது ஊசி

செல்வரத்தினத்தைப் போல வஞ்சம் வைக்கத் தெரிந்த மனிதரை நான் லண்டனில் கண்டதில்லை. பெற்றோல் நிலையத்தில் காசாளர் வேலை, தோர்ண்டன் ஹீத்தில் ஒற்றை அறை, கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய சட்டை. அகதி விண்ணப்பத்தை நிராகரித்த கடிதத்தில், அவர் சொன்னது எதுவும் நம்பத்தக்கதல்ல என்று எழுதியிருந்தார்கள். பொய்யன் என்ற சொல் அன்றிலிருந்து அவருக்கு ஆறாத புண்.

1991இல், நான் தாதியாக இருந்த மருந்துச் சோதனை நிலையத்துக்கு வந்தார். மூட்டுவாதத்துக்கென்று உயிரணுக்களில் வளர்த்தெடுத்த புது ஊசி மருந்து அது. நோயில்லாதவர்களுக்கு முதலில் கொஞ்சமாக ஏற்றி, ஆபத்து உண்டா என்று பார்ப்பார்கள். ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் அவருக்கு நடுக்கமெடுத்தது, முகம் வீங்கியது, காய்ச்சல் நாற்பது பாகை. பெரிய டொக்டர் வந்து, ஏற்கெனவே இருந்த தடிமன் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வந்த பொய்யன் என்று முகத்துக்கு நேரே திட்டிவிட்டு, அப்படியே பதியச் சொன்னார். பதியப்பட்டது. சோதனையிலிருந்தும் அவரை நீக்கினார்கள்.

நான்கு மாதம் கழித்து, மருந்தின் அளவைக் கூட்டி அடுத்த சோதனை. கட்டிலில் அதே ஆள். எங்கள் ஆட்கள் தகப்பன் பெயரை முன்னால் எழுதுவார்கள். போனமுறை அவர் குலசேகரம் செல்வரத்தினம். இந்த முறை இரண்டையும் முன்பின்னாக மாற்றி எழுதியிருந்தார். வெள்ளைக்காரரின் கோப்பு அலமாரியில் அது வேறொரு மனிதர். டொக்டரோ ஊசி ஏற்றும் கையைப் பார்ப்பாரே தவிர, யாருடைய முகத்தையும் பார்ப்பவரல்ல.

"அண்ணை, இரண்டாம் முறை ஏத்தினா உயிருக்கே ஆபத்து. எழும்பிப் போங்கோ" என்றேன்.

"தெரியும் தங்கச்சி. இண்டைக்கு மருந்துக் கொம்பனிக்காரர் பாக்க வருகினம். அவையின்ர கண்ணுக்கு முன்னால நடக்கோணும்."

நான் டொக்டரிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. ஏழு வருடத்தில் ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத அந்த மனிதர் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது. மூச்சடைத்தால் உடனே குத்தும் அட்ரினலின் ஊசியை நிரப்பிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மருந்து ஏறிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மூச்சடைத்து உதடு நீலமானது. அட்ரினலினை நான்தான் குத்தினேன். கண் திறந்ததும், சுற்றி நின்ற கொம்பனிக்காரருக்குக் கேட்கும்படி தன் உடைந்த ஆங்கிலத்தில் இரண்டு பெயரையும் சொன்னார். பழைய தாளை எடுத்துப் பார்க்கச் சொன்னார். இன்றைக்கும் எனக்குத் தடிமனா என்று டொக்டரைக் கேட்டார். டொக்டரின் முகம் செத்துப்போனது. என் வயிறு குளிர்ந்தது, ஏன் மறைக்கவேண்டும்?

சோதனை அன்றே நின்றது. அந்த மாதமே டொக்டரை வெளியே அனுப்பினார்கள். ஆனால் பழைய தாளில் தடிமன் என்று எழுதிய கை என்னுடையது. டொக்டர் சொல்லித்தான் எழுதினேன் என்றது எடுபடவில்லை. என் வேலையும் போயிற்று.

ஆத்திரத்தோடு செல்வரத்தினத்தின் அறைக்குப் போனேன். உயிரைக் காப்பாற்றியவளையும் சேர்த்தா பழிவாங்குவது என்று கேட்டேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னார்.

"ஓம். அண்டைக்கு ஊசிக்கு முன்னம் எனக்குக் காய்ச்சல் இருக்கோ எண்டு அளந்து பாத்தது நீங்கள்தானே, தங்கச்சி."