தலை தட்டி ஒரு ஸ்பூன்

எங்கள் வீட்டில் சமையல் அப்பாவுடையது. அம்மா ஷூ கம்பெனிக்குக் காலையிலேயே பஸ் பிடித்தாக வேண்டும். அப்பா டேனரியில் தோல் பதப்படுத்தும் டிரம் பார்த்தவர். முதல் ஷிப்ட் முடித்து மதியமே வந்துவிடுவார். வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பார். அம்மா கண்ணை மூடும்வரை அவருக்கு வடித்துக் கொட்டியது அப்பாதான். நான் தட்டைக் கழுவினேன், அவ்வளவுதான். கல்யாணமாகி வேலூருக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்கு வந்து வயிறு முட்டத் தின்றுவிட்டு, தூக்கில் வேறு வாங்கிக்கொண்டு போவேன். நாற்பத்தோரு வயதில்தான் அவரிடம் சமையல் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். அதுவும் ஆசைப்பட்டு இல்லை. அவருக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டதால்.

செவ்வாயும் வெள்ளியும் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மற்ற நாளில் யார் பார்ப்பது? வேலையை விட்டுவிட்டு ஆம்பூரில் அப்பாவோடு வந்து தங்கினேன். நானும் ஷூ கம்பெனிதான், தரம் பார்க்கிற இடம். தைத்து வரும் ஷூவில் குற்றம் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம். ஒரு தையல் விலகியிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று பேர் வாங்கியிருந்தேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் என் புத்தியைச் செருப்பாலேயே அடிக்கணும் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் என்று ஒரு பெண் இருந்தாள். என்னைவிடச் சின்னவள், ஆனால் கண்டிப்பானவள். மேசையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்பூனை எடுத்துக் கொடுத்து, ஒரு நாளைக்கு இதில் தலை தட்டி ஒரு ஸ்பூன் உப்பு, அதற்கு மேல் ஒரு கல் கூடக் கூடாது என்றாள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் கிடையாது. காய்கறியை நிறைய தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். குடிக்கிற தண்ணீரை டம்ளரில் அளந்து கொடுக்க வேண்டும். உப்பு ஏறினால் தாகம் எடுக்கும், தாகம் எடுத்தால் குடிப்பார், குடித்தது வெளியே போக வழியில்லாமல் நெஞ்சில் போய் நிற்கும் என்று பச்சையாகச் சொன்னாள். என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றும் கேட்டாள். கேன் தண்ணி என்றேன். குறித்துக்கொண்டாள். கிளம்பும்போது, "அவர் உசுரு உங்க கையில இருக்குற உப்புலதாம்மா இருக்கு" என்றாள். அந்த ஸ்பூனைத் தாலிக்கொடி மாதிரி பத்திரமாகக் கொண்டுவந்தேன்.

முதல் பத்து நாள் நான் சமைத்ததை வாயில் வைக்க முடியவில்லை. அப்பா குற்றம் சொல்லமாட்டார். நாலு வாய் தின்றுவிட்டுப் போதும் என்பார். ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் அவரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்து சமையற்கட்டு வாசலில் போட்டு உட்கார்ந்தார். நான் சொல்றேன், நீ செய் என்றார்.

அவருக்கு அளவு என்று ஒன்று கிடையாது. எல்லாம் கண் பார்த்துக் கை போட்டதுதான். எனக்கோ அளவு இல்லாமல் ஆகாது. சின்னத் தராசு ஒன்றும் நோட்டு ஒன்றும் வாங்கிவைத்துக்கொண்டு, அவர் கை காட்டிய மிளகாயை, கொத்தமல்லியை, புளியை எடை போட்டு எழுதினேன். ஏம்மா, ஷூவுக்கு அளவு எடுக்குறியா, குழம்பு வைக்கிறியா என்று கிண்டல் செய்தார். கத்திரிக்காய்க் குழம்பில் ஆரம்பித்தோம். அணைக்கட்டு ஊர்ப் பக்கமிருந்து வரும் முள்ளுக் கத்திரிக்காய்தான் அவருக்கு வேண்டும். காம்போடு நாலாகக் கீறி, டயட்டீஷியன் சொன்னபடி வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மல்லாட்டை எண்ணெயில், கடலை எண்ணெய்தான், தோல் சுருங்கும்வரை வதக்க வேண்டும். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதைப் பச்சை வாசனை போகும்வரை கிளற வேண்டும். நான் அவசரப்பட்டால் நாற்காலியிலிருந்து "இரு, இரு" என்பார். அடுப்பைப் பார்க்காமலேயே, எண்ணெய் போடும் சத்தத்தை வைத்தே இப்போது ஊற்று என்பார்.

ஊற்றுவதற்கு, நோயாளிக்கு நல்லது என்று, நான் கேன் தண்ணீரைத் தூக்கினேன். அப்பா கையை ஆட்டினார்.

"அத்த ஊத்தாத. கேன் தண்ணில வச்சா குழம்பு சப்புன்னு போய்டும். போர் தண்ணி புடி."

எங்கள் தெருவே அப்படித்தான். குடிக்கக் கேன், சமையலுக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் போர் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு சீக்கிரம் வேகாது, அதற்கு ஒரு சிட்டிகை சோடா போட வேண்டும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும், ஞாயிற்றுக்கிழமை தோறும் புளி போட்டுச் சுரண்டுவோம். உப்புத் தண்ணி என்றுதான் அதற்குப் பேர். பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்கிறோம். நான் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன்.

அன்றைக்கு அப்பா முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சின்ன ஸ்பூனில் பாதிதான் குழம்புக்குப் போட்டிருந்தேன், மீதி ரசத்துக்கு. இரண்டாம் தரம் சோறு கேட்டார். எத்தனை நாளைக்கு அப்புறம்! "இவ்ளோ கம்மியா போட்டும் ருசி வருதே, உனக்குக் கை இருக்கும்மா" என்றார். நான் அழுதுவிட்டேன். நோட்டில் அந்தப் பக்கத்தின் மேல் நட்சத்திரம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்த என் வீட்டுக்காரரும் சாப்பிட்டுவிட்டு, பத்தியச் சாப்பாடு மாதிரியே இல்லையே என்றார். அப்புறம் பருப்புக் கடைசல், கீரைக் கடைசல், மிளகு ரசம் என்று வரிசையாகக் கற்றுக்கொண்டேன். அந்த இரண்டு மாதம் நானும் அப்பாவும் பேசியதுபோல் என் ஆயுசில் எப்போதும் பேசியதில்லை.

ஆனால் எடை ஏறிக்கொண்டே போனது. டயாலிசிஸுக்கு முன்னால் ஒரு மெஷினில் ஏற்றிப் பார்ப்பார்கள். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் எவ்வளவு தண்ணீர் உடம்பில் சேர்ந்தது என்று அதில் தெரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் சொன்னதற்கு மேல் இருந்தது. கால் வீங்கி, செருப்பின் வார் புதைந்தது. பிரஷர் இறங்கவே இல்லை. டயட்டீஷியன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் உப்பு சேர்க்கிறீர்கள் என்றாள். சத்தியமாக இல்லை, ஸ்பூனில் தலை தட்டித்தான் போடுகிறேன் என்றேன். அப்படியென்றால் அவர் உங்களுக்குத் தெரியாமல் சாப்பிடுகிறார், வயசானவர்கள் எல்லாம் இப்படித்தான், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள் என்றாள்.

அவ்வளவுதான், என் பழைய உத்தியோகம் திரும்பி வந்துவிட்டது. ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். உப்பு டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அப்பா கடைப்பக்கம் நடந்தால் பின்னாலேயே போனேன். தண்ணி, தண்ணி என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இவ்வளவு தாகம் எதனால், என்ன தின்றாய் என்று கேட்பேன். ஒன்றும் தின்னவில்லை என்பார். ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

ஒரு திங்கட்கிழமை அவர் தலையணையைத் தூக்கியபோது, அடியில் காகிதத்தில் மடித்த கல்லுப்பு கிடைத்தது. ஒரு கைப்பிடி கூட இல்லை. அப்பாவைக் கேட்டேன். பல் வலிக்கு வாய் கொப்பளிக்க வைத்திருந்தேன், ஐஸ் வைத்து வைத்துக் கடைவாய்ப் பல் கூசுகிறது என்றார். நான் நம்பவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று ஆடினேன். வேலையை விட்டேன், புருஷனை விட்டுவிட்டு இங்கே வந்து கிடக்கிறேன், நீ எனக்குத் தெரியாமல் திருடித் தின்கிறாய் என்று, பெற்ற தகப்பனைப் பார்த்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி வாயை ஆவென்று திறந்து காட்டினார். நான் போய்ப் பார்த்தேன். சும்மா பார்க்கவில்லை, செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். நாக்கு வறண்டு வெடித்திருந்தது. கடைவாய்ப் பக்கம் ஈறு வீங்கியிருந்தது. வாயை மூடிவிட்டுச் சொன்னார்.

"நான் திருடல பாப்பா."

பொட்டலத்தைச் சாக்கடையில் கொட்டினேன். அதற்குப் பிறகு அவர் நாற்காலியைச் சமையற்கட்டுக்குக் கொண்டுவரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றாகிவிட்டது, நோட்டில் எல்லாம் இருக்கிறது என்று வீம்பாக இருந்தேன். அவர் சாப்பிட்டு முடித்ததும் கையை விரித்து இரண்டு பக்கமும் காட்டிவிட்டு எழுந்து போவார். நக்கலுக்குச் செய்கிறார் என்று எனக்கு எரிச்சல் வரும். நக்கல் இல்லை என்று இப்போது தெரிகிறது.

அடுத்த மாதத்தில் ஒரு நாள், டயாலிசிஸுக்கு முதல் நாள் காலை, மூச்சு விட முடியாமல் எழுந்து உட்கார்ந்தார். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொண்டது என்றார்கள். காரியமெல்லாம் முடிந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலூர் வந்தேன். அழுகையோடு அழுகையாக அவர்மேல் கோபமும் இருந்தது. வாயைக் கட்டியிருந்தால் இன்னும் இரண்டு வருஷம் இருந்திருப்பாரே என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். ஆமாம், சொன்னேன். செத்துப்போன மனுஷனைத் திருடன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தேன்.

மூன்றாம் மாதம் அமாவாசைக்கு அவருக்குப் படையல் வைத்தேன். கத்திரிக்காய்க் குழம்புதான். நோட்டைத் திறந்து, நட்சத்திரம் போட்ட பக்கத்தைப் பார்த்து, அதே தராசில் நிறுத்து, அதே ஸ்பூனில் பாதி உப்புப் போட்டேன். படையலுக்கு வைப்பதை ருசி பார்க்கக் கூடாது. கும்பிட்டு முடித்த பிறகு என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னாம்மா, உப்பே போடலியா?" என்றார். நான் வாயில் வைத்தேன். சப்பென்று இருந்தது. மறந்திருப்பேன் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு மறுபடி செய்தேன், உப்புப் போடும்போது வீட்டுக்காரரையே பக்கத்தில் நிற்கவைத்து. மறுபடியும் சப்பென்று இருந்தது. கேன் தண்ணியில் வைத்தால் இப்படித்தான் போகும் என்று அப்பா சொன்ன குரல் அப்போதுதான் காதில் விழுந்தது. வேலூர் வீட்டில் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது. கையில் எடுத்த கவளத்தை நான் அப்படியே தட்டில் வைத்துவிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஆம்பூர் போனேன். பூட்டைத் திறந்து, மோட்டாரைப் போட்டு, ஒரு நாள் சமையலுக்கு நான் எவ்வளவு பிடிப்பேனோ அவ்வளவு தண்ணீரைப் பிடித்தேன். அகலமான சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். அரிசியும் இல்லை, புளியும் இல்லை, வெறும் தண்ணீர். அது கொதித்துச் சுண்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் காலை வேளை முழுக்க நின்றேன். தண்ணீர் வற்றியதும் சட்டி வெள்ளையாக இருந்தது. ஆறவைத்து, கரண்டியால் சுரண்டி, கைப்பையில் கொண்டுவந்திருந்த அந்தச் சின்ன ஸ்பூனில் போட்டேன். தலை தட்டி ஒரு ஸ்பூன் நிறைந்தது. அதற்கு மேலும் சட்டியில் இருந்தது. நாக்கில் வைத்தேன். உப்பும் கசப்பும். அப்பா இரண்டாம் தரம் சோறு கேட்ட ருசி.

அப்புறம் ஒரு நாள் டயட்டீஷியனைப் போய்ப் பார்த்தேன். போர் தண்ணீரில் சமைக்கிறோம் என்று நீங்கள் சொல்லவே இல்லையே என்றாள். நீங்கள் குடிக்கிறதைத்தானே கேட்டீர்கள் என்றேன். பழைய குறிப்பை எடுத்துப் பார்த்தாள், கேன் என்றுதான் இருந்தது. இதனால்தான் போனார் என்று சொல்ல முடியாது, வேறு எத்தனையோ காரணம் இருக்கும் என்றாள். அவள் நல்லவள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். எனக்கு அது ஒரு காதில் வாங்கி ஒரு காதில் விட்ட மாதிரிதான் போனது.

தண்ணீரைச் சுண்டவைத்த அன்றைக்கு ஆம்பூரில், சட்டியைக் கழுவாமல் வைத்துவிட்டு வெளியே வரும்போது, வாசலோரம் அப்பாவின் பிளாஸ்டிக் நாற்காலி சுவர் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தது. அதை இழுத்துக்கொண்டு போய்ச் சமையற்கட்டு வாசலில், பழைய இடத்திலேயே போட்டேன். வெறும் நாற்காலிதான். அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னேன்.

"நீ திருடலப்பா. நான்தான் போட்டேன். தினம் தினம் நான்தான் அளந்து போட்டேன்."